ஏழிசை மன்னரும் இசைத்தட்டும்

எழுத்து ஏட்டில் நிற்கும். சிற்பம் கல்லில் நிற்கும். பாடுவோன் குரலோ அவன் மூச்சோடு முடிந்துவிடும் என்பதே பல்லாயிரம் ஆண்டுகளாக உலகம் கண்டிருந்த உண்மை. அதனை 1877-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எடிசன் மாற்றினார். அவர் உருளையிற் பதித்த ஒலியை வட்டத் தட்டிற் பதிக்கும் வழியைப் பின்னர் எமிலி பெர்லினர் கண்டார். அவ்வழியின் பயனாக, நம் திருச்சிராப்பள்ளி நகரில் வளர்ந்த ஒருவரது குரல், அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் செவிகளில் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. அவரே ஏழிசை மன்னர் எம். கே. தியாகராஜ பாகவதர். அவர்தம் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பாகவதர் 1910-ஆம் ஆண்டில் மாயவரத்தில், பொற்கொல்லர் குலத்துக் கிருஷ்ணமூர்த்தி ஆசாரியாரின் மூத்த மைந்தராகப் பிறந்தார். குடும்பம் பின்னர்த் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. சிறுவருக்குப் பள்ளிப் பாடத்தில் மனம் செல்லவில்லை, பாட்டிலேயே சென்றது. தந்தையார் கடிந்ததனால் வீட்டை விட்டுக் கடப்பைக்கு ஓடிச் சென்றார் என்பர். தேடிச் சென்ற தந்தையார், அவ்வூரார் சூழ்ந்து நின்று கேட்க மகன் பாடிக்கொண்டிருந்ததைக் கண்டு, சினம் தணிந்து அழைத்து வந்தார்.

அக்காலத்தில் தென்னிந்திய இரயில்வேயில் அலுவல் பார்த்த எப். ஜி. நடேச ஐயர், திருச்சியில் ரசிக ரஞ்சனி சபையை நிறுவி நாடகம் வளர்த்து வந்தார். பஜனைகளிற் பாடிய சிறுவரின் குரல் கேட்டு, தம் அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசன் வேடம் தந்தார். பார்த்தோர் உள்ளம் உருகினர். அதன்பின் மதுரை பொன்னு ஐயங்காரிடம் இவர் பல்லாண்டு முறையாக இசை பயின்றார். முதற் கச்சேரியில் ஆசிரியரே பிடில் வாசிக்க, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை கஞ்சிரா வாசித்தார். பாகவதர் என்னும் பட்டம் அப்பெரியார் வாயாலேயே அன்று கிடைத்தது.

நாடக மேடையிற் புகழ் தந்த பவளக்கொடி, 1934-இல் கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. 1937-இல் சிந்தாமணியும் அம்பிகாபதியும், 1939-இல் திருநீலகண்டரும், 1941-இல் அசோக்குமாரும், 1943-இல் சிவகவியும் வெளிவந்தன. பாபநாசம் சிவனின் பாட்டும், ஸ்ரீரங்கத்துக்குக் கொள்ளிடத்தின் அக்கரையிலுள்ள பிச்சாண்டார்கோயிலிற் பிறந்த ஜி. இராமநாதனின் இசையமைப்பும் பாகவதர் குரலோடு கூடியபோது தமிழ்நாடு தன்னை மறந்தது.

எனினும் கொட்டகைக்குச் செல்ல இயலாதாரும் பலர். அவர்களிடம் அக்குரலைக் கொண்டு சேர்த்தது கிராமபோன் பெட்டியே. அரக்குக் கலவையால் ஆன அத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே பாடும். கச்சேரியில் விரிவாகப் பாட வல்லார் இம்மூன்று நிமிடத்துக்குள் இராகத்தின் உயிரைக் காட்டல் வேண்டும். பாகவதர் எடுத்த எடுப்பிலேயே மேற்காலத்துச் சுரத்தைத் தொட்டு, சொற்கள் சிதையாது, பிர்க்காக்களை மணிமணியாக உதிர்த்து அதனைச் செய்தார். ஹரிதாஸ் படத்தில் சாருகேசி இராகத்திற் பாடிய பாட்டு இதற்குச் சான்று. அவ்விராகத்தின் பெயரும் அறியாதார் நாவில் அது நடமாடிற்று.

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் நண்பர் ஒருவர் இல்லத்தில் அத்தட்டை அக்காலத்துப் பெட்டியிலேயே கேட்கும் பேறு எமக்கு வாய்த்தது. வீட்டார் அப்பெட்டியைப் பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போட எடுத்து வைத்திருந்தனர். முதியவர் ஒருவர் தடுத்து, தூசி துடைத்து, சாவி கொடுத்து, புது ஊசி பொருத்தித் தட்டின்மேல் வைத்தார். முதலில் மழை பெய்வது போன்ற இரைச்சல். அதனூடே அக்குரல் எழுந்தது. முற்றத்திற் பேசிக்கொண்டிருந்தோர் பேச்சை நிறுத்தினர். ஒரு பக்கம் முடிந்ததும் அவர் எழுந்து தட்டைத் திருப்பி, மீண்டும் சாவி கொடுத்தார். கேட்பவன் கையும் உழைத்தாலன்றி அப்பெட்டி பாடாது. அன்று அப்பெட்டி எடைக்குப் போகவில்லை.

இனிப் பாகவதர் வாழ்வின் இருண்ட பகுதியைக் கூறல் வேண்டும். 1944 நவம்பரில் சென்னையில் இலட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாளர் கொலையுண்டார். அவ்வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றனர். அந்நாளில்தான் ஹரிதாஸ் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடியவர் சிறைக்குள் இருக்க, பாட்டு வீடுதோறும் சுழன்றது. இதனினும் வியப்பும் துயரும் கலந்த காட்சி வேறு யாது? வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறுவிசாரணை நடந்து, 1947-இல் இருவரும் குற்றமற்றவர் என விடுதலையாயினர்.

விடுதலை பெற்றார், பழைய காலத்தைப் பெற்றாரல்லர். 1948-இல் இராஜமுக்தியும், 1952-இல் அமரகவியும் சியாமளாவும், 1957-இல் புதுவாழ்வும் வந்தன. மக்களின் பழைய ஆரவாரம் வரவில்லை. நீரிழிவு நோய் உடலை வாட்டிற்று, கண்பார்வை மங்கிற்று. ஆயினும் அவர் பாடுவதை விடவில்லை. 1959 நவம்பர் 1-ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். உடல் திருச்சிக்குக் கொணரப்பட்டது. அவரை வளர்த்த ஊரே அவரை ஏற்றுக்கொண்டது.

அதன்பின் இசைக் கருவிகளும் மாறின. நெடுநேரத் தட்டு வந்தது, ஒலிநாடா வந்தது. 1982-இல் சந்தைக்கு வந்த குறுந்தகடும் இன்று பழம்பொருள் வரிசையிற் சேர்ந்துவிட்டது. பாகவதர் குரலோ ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி நம்மிடம் வந்திருக்கின்றது. செல்வம் அவரை விட்டது, சுதந்திரம் சிலகாலம் விட்டது, பார்வையும் விட்டது. நல்லாசிரியரிடம் பயின்று பெற்ற கலை மட்டும் இறுதிவரை விடவில்லை.

மாணவ நண்பர்காள்! உங்கள் இல்லத்துப் பரணிலும் பழைய பெட்டியொன்று உறங்கலாம்; தட்டுகள் சில கிடக்கலாம். அவற்றை எறியுமுன் ஒருமுறை சாவி கொடுத்துப் பாருங்கள். நிலத்திற் புதைத்த தாலந்து யாருக்கும் பயன்படாதது போலவே, ஒலியாத தட்டும் பயன்படாது. நும் முன்னோர் கேட்டு மகிழ்ந்த குரலை நீவிரும் கேட்பீராயின், பொற்கொல்லர் வீட்டுச் சிறுவர் ஒருவர் இவ்வூர்த் தெருக்களிற் பாடித் திரிந்தது வீண்போகவில்லை என அறிவீர்கள்.