உறைக்குள் இருந்த பெயர்

உவரிக் கடற்கரையில் மீன் ஏலம் நடக்கும்போது கூடையோடு நிற்கும் தாய்மார்களைப் பாருங்கள். கையில் தாளில்லை, பேனாவில்லை. வாங்கிய விலை, ஐஸ் செலவு, வண்டிக்கூலி, வட்டி, மிச்சம் அத்தனையும் மனக்கணக்கு! ஆயினும் பெண்ணுக்குக் கணக்கு ஏறாது என்போர் நம்மிடையே இன்றும் உண்டு. அவர்களுக்காகவே சோபியா கோவலெவ்ஸ்காயா அம்மையாரின் வாழ்வை இங்கே நினைவூட்டுகிறோம்.

1850-ல் மாஸ்கோவில் பிறந்தவர் சோபியா. தந்தை ஜாரின் பீரங்கிப் படைத் தளபதி, பெரும் பண்ணைக்காரர். பண்ணை வீட்டில் சுவருக்கு ஒட்டும் காகிதம் போதாமற் போகவே, குழந்தைகள் அறையில் பழைய கணிதப் பாடக் குறிப்புகளை ஒட்டிவிட்டார்கள். அந்தப் புரியாத குறிகளைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தது குழந்தை.

அந்த வீட்டுக்குள் ஓர் இரகசியமும் இருந்தது. அக்காள் அன்னா யாருக்கும் தெரியாமல் கதை எழுதி, எழுத்தாளர் தாஸ்தயெவ்ஸ்கியின் பத்திரிகைக்கு அனுப்பினார். 1864-ல் கதை அச்சேறியது. சன்மானத்தோடு வந்த கடிதம் தந்தையின் கையில் சிக்கியது. வீடே அதிர்ந்தது! மகள் எழுதிப் பணம் பெற்றதே குற்றமாம். பெண்ணின் திறமை பிரபு வீட்டிலும் ஒளித்து வைக்கவேண்டிய பொருள் என்பதைத் தங்கை அன்று கண்டார்.

ருஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவடைத்திருந்தன. வெளிநாடு செல்லவோ தந்தை அல்லது கணவனின் அனுமதி வேண்டும். ஆகவே 1868-ல் பெயரளவுக்கு ஒரு திருமணம் செய்துகொண்டு ஜெர்மனி சென்றார். பெர்லின் பல்கலைக்கழகமும் உள்ளே விடவில்லை. பேராசிரியர் வயர்ஸ்ட்ராஸ் தனியே நான்காண்டு கற்பித்தார். இடையில் 1871-ல் பாரிஸ் தொழிலாளர் ஆட்சி எழுந்தபோது அன்னா அதன் அணியில் நின்றார். சோபியாவும் அங்கே சென்று காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்தார்.

1874-ல் கெட்டிங்கன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தந்தது. தாய்நாடு தந்தது என்ன? சிறுமிகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லித் தரும் வேலைதான்! 1883-ல் கணவர் மாண்டார். சிறு மகளோடு நின்றவரை ஸ்வீடன் அழைத்தது. 1884-ல் ஸ்டாக்ஹோமில் பேராசிரியரானார்.

1888-ல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் ஒரு போட்டி நடத்தியது. எழுதியவர் பெயர் முத்திரையிட்ட தனி உறைக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. பம்பரம்போல் ஒரு புள்ளியில் நின்று சுழலும் பொருளின் இயக்கத்தைத் தீர்த்த கட்டுரைக்கே பரிசு. அதன் சிறப்பை வியந்து 3,000 பிராங்கை 5,000 ஆக உயர்த்தினார்கள். உறையைப் பிரித்தால், உள்ளே சோபியாவின் பெயர்!

மறு ஆண்டு ருஷ்யக் கழகம் உறுப்பினர் என்ற பட்டத்தை மட்டும் அளித்தது; வேலை அளிக்கவில்லை. 1891-ல் 41-ஆம் வயதில் ஸ்டாக்ஹோமிலேயே கண்மூடினார்.

தோழர்களே, உவரியிலிருந்து கல்லூரிக்குப் பஸ் ஏற விரும்பும் பெண்ணை இன்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தடுப்பது நம் வீட்டு வாசற்படி. மேடையில் சமத்துவம் பேசி வீடு திரும்பும் நாம், மகளின் கணக்கு நோட்டை ஒருநாளேனும் விரித்துப் பார்த்தோமா? நம் வீட்டு உறைக்குள் இருக்கும் பெயரை நாம்தான் பிரிக்கவேண்டும்.