பிள்ளையின் படிப்புக்காக சைபீரியாவை விட்டு வந்த தாய்: தனிமங்களுக்கு வரிசை போட்ட மெண்டலீவின் கதை

1849-ஆம் ஆண்டு. சைபீரியாவில் உள்ள தோபோல்ஸ்க் நகரில் இருந்து ஒரு குதிரை வண்டி புறப்பட்டது. வண்டியில் மூன்று பேர். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விதவைத் தாய், அவருடைய மகள், 15 வயது மகன். போக வேண்டிய இடம் மாஸ்கோ. தூரம் 2 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல். அந்தப் பாதையில் அப்போது ரெயில் கிடையாது.

தாயின் பெயர் மரியா. மகன் டிமிட்ரி. உலகத்துப் பள்ளிக்கூடங்களின் ரசாயன வகுப்பில் எல்லாம் சுவரில் தொங்குகிறதே தனிமங்களின் அட்டவணை, அதை உண்டாக்கிய டிமிட்ரி மெண்டலீவ்தான் இந்தச் சிறுவன்.

மரியா அம்மையார் சொந்த ஊரை விட்டுக் கிளம்பியதற்குக் காரணம் இருந்தது. கணவர் இவான் தோபோல்ஸ்கில் உயர்நிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர். ஒரு டஜனுக்கும் மேற்பட்ட குழந்தைகள். கடைக்குட்டி டிமிட்ரி பிறந்தது 1834 பிப்ரவரி 8-ந் தேதி. அதே ஆண்டில் தந்தைக்குக் கண் பார்வை போயிற்று. வேலையும் போயிற்று. கிடைத்த பென்ஷன் அத்தனை வயிறுகளுக்குப் போதவில்லை.

மரியா அம்மையாரின் பிறந்த வீட்டாருக்கு ஊரில் இருந்து சற்றுத் தொலைவில் ஆரெம்சியான்கா என்ற கிராமத்தில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது. அது அப்போது மூடிக் கிடந்தது. குடும்பத்தோடு அங்கே குடிபெயர்ந்து அதை ஏற்று நடத்தினார் அவர். வீட்டு வேலை, பிள்ளைகள், கண் தெரியாத கணவர், உலைக்களம் எல்லாம் ஒரே பெண்ணின் தலையில். மணலும் சாம்பல் உப்பும் நெருப்பில் உருகிப் பளபளக்கும் கண்ணாடியாக மாறுவதைச் சிறுவன் டிமிட்ரி உலை அருகே நின்று பார்த்தான். அவன் படித்த முதல் ரசாயனப் பாடம் அது.

1847-ல் தந்தை இறந்தார். 1848-ல் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. மிச்சம் இருந்தது கொஞ்சம் பணமும் கடைசிப் பிள்ளையின் படிப்பும்தான். அதற்காகத்தான் அந்த வண்டி கிளம்பியது.

மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. சைபீரிய மாணவர்கள் தங்கள் வட்டாரத்துக்கு உரிய கசான் பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும் என்பது அன்றைய விதி. வெளியூரில் இருந்து வந்து விண்ணப்பத்தோடு ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறவருக்கு, இந்த வட்டாரம் உங்களுடையது அல்ல என்ற பதில் எந்தக் காலத்திலும் புதியதல்ல.

அம்மையார் திரும்பிப் போகவில்லை. மேலும் 700 கிலோ மீட்டர் பயணம் செய்து தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தார். தந்தை படித்த அதே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், தந்தைக்கு வேண்டியவர் ஒருவரின் உதவியால், 1850-ல் டிமிட்ரிக்கு அரசு உதவிப் பணத்துடன் இடம் கிடைத்தது.

சில வாரங்களில் மரியா அம்மையார் இறந்துவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குள் அக்காளும் காசநோயால் இறந்தாள். அந்தப் பெரிய நகரத்தில் டிமிட்ரி தனியாள் ஆனான்.

அவனுக்கும் ரத்த வாந்தி வந்தது. காசநோய், அதிக நாள் தாங்காது என்றார்கள் டாக்டர்கள். படுக்கையில் கிடந்தபடியே படித்து 1855-ல் தங்கப் பதக்கத்துடன் தேறினான். உடம்புக்கு நல்லது என்று வெப்பமான கிரீமியாவுக்கு ஆசிரியராக அனுப்பினார்கள். அங்கே போர் நடந்து கொண்டிருந்தது. காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்த புகழ் பெற்ற அறுவை டாக்டர் பிரகோவ் அவனைச் சோதித்துப் பார்த்து, பயப்படும்படி எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். அவர் கணக்குத்தான் சரி. மெண்டலீவ் அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார்.

63 சரக்கு, ஒழுங்கு இல்லை

அந்தக் காலத்து ரசாயனத்தின் நிலைமையைத் தெரிந்துகொண்டால்தான் மெண்டலீவ் செய்தது என்ன என்பது புரியும்.

உலகில் நாம் தொடுகிற பொருள் ஒவ்வொன்றும் சில அடிப்படைச் சரக்குகளால் ஆனது. வேறொன்றாக மேலும் பிரிக்க முடியாத அந்தச் சரக்குக்குத் தனிமம் என்று பெயர். இரும்பு, செம்பு, தங்கம், கந்தகம் ஆகியவை தனிமங்கள். சமையல் உப்பு தனிமம் அல்ல. அதைப் பிரித்தால் சோடியம் என்ற மென்மையான உலோகமும் குளோரின் என்ற விஷ வாயுவும் கிடைக்கும். தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிடைக்கும்.

தனிமத்தின் மிகச் சிறிய துகள் அணு. ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் தனி எடை உண்டு என்று நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் ஜான் டால்டன் சொல்லிவிட்டார். ஒற்றை அணுவைத் தராசில் வைக்க முடியாது. ஆகவே ஹைட்ரஜன் அணுவை 1 என்று வைத்துக்கொண்டு, மற்றவை அதைப் போல எத்தனை மடங்கு என்று கணக்கிட்டார்கள். ஆக்சிஜன் 16, சோடியம் 23, இரும்பு 56 என்று எண்கள் வந்தன.

ஆனால் ஆளுக்கு ஒரு கணக்கு. ஒரே தனிமத்துக்கு ஒருவர் ஓர் எடை சொல்வார், மற்றொருவர் அதில் பாதி சொல்வார். 1860-ல் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் ரசாயன அறிஞர்கள் கூடினார்கள். அங்கே இத்தாலியரான கன்னிஸாரோ அணு எடைகளைச் சரியாகக் கணக்கிடும் வழியை விளக்கினார். மேல்படிப்புக்காக ஜெர்மனி சென்றிருந்த 26 வயது மெண்டலீவ் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

நாடு திரும்பிய அவர் 1867-ல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பேராசிரியர் ஆனார். மாணவர்களுக்குக் கொடுக்க நல்ல ரஷ்யப் பாடநூல் இல்லை. தாமே எழுத உட்கார்ந்தார். அப்போது தெரிந்திருந்த தனிமங்கள் 63. எதற்குப் பிறகு எதை எழுதுவது? வரிசை என்று ஒன்று இருந்தால்தானே அத்தியாயம் பிரிக்கலாம்? இந்த நடைமுறைத் தொல்லைதான் ஒரு பெரிய கண்டுபிடிப்பில் போய் முடிந்தது.

பாலாடைக்கட்டிக் கடிதம்

1869 மார்ச் 1-ந் தேதி (பழைய ரஷ்யக் காலண்டரில் பிப்ரவரி 17) மெண்டலீவ் வெளியூர் கிளம்ப வேண்டியிருந்தது. பாலாடைக்கட்டி தயாரிக்கும் பண்ணைகளைப் பார்வையிடும் வேலை. அது சம்பந்தமாக வந்த கடிதத்தின் பின்பக்கத்தில் அன்று அவர் தனிமங்களின் பெயரையும் எடையையும் கிறுக்கிப் பார்த்த தாள் இன்றும் இருக்கிறது.

ஒரு தனிமத்துக்கு ஓர் அட்டை என்று எழுதி, சீட்டாட்டம் போல மேஜையில் அடுக்கி அடுக்கிப் பார்த்தார் என்று சொல்கிறார்கள். கனவில் அட்டவணையைக் கண்டார் என்றும் ஒரு கதை உண்டு. அப்படியே இருந்தாலும், பல ஆண்டுகள் இரவும் பகலும் அதே நினைவாக இருந்தவருக்கு வந்த கனவு அது.

அவர் கண்டது இதுதான். தனிமங்களை அணு எடைப்படி வரிசையாக எழுதிக்கொண்டு போனால், சிறிது தூரம் போனதும் பழைய குணம் திரும்பி வருகிறது. லித்தியம் 7. தண்ணீரில் போட்டால் பொங்கும். எட்டாவது இடத்தில் சோடியம் 23. அதுவும் தண்ணீரில் பொங்கும். இன்னும் சிறிது தூரம் தள்ளி பொட்டாசியம் 39. அது தண்ணீர் பட்டதுமே தீப்பிடிக்கும். வாரத்தில் ஏழு நாள் சுற்றி வந்து மறுபடி ஞாயிறு வருவது போல, தனிமங்களிலும் குணம் சுற்றி வருகிறது. ஒத்த குணம் உள்ளவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினால் அட்டவணை தயார்.

இதே எண்ணம் இன்னும் சிலருக்கும் தோன்றியது. ஜெர்மனியின் லோதர் மேயர் ஏறக்குறைய இதே போன்ற அட்டவணையைப் போட்டார். பின்னால் 1882-ல் லண்டன் ராயல் சொசைட்டி இருவருக்கும் சேர்த்தே டேவி பதக்கம் கொடுத்தது. அப்படியானால் மெண்டலீவுக்கு என்ன தனிப்பெருமை?

அவர் காலி இடம் விட்டார்! அங்கேதான் அவருடைய துணிச்சல் இருக்கிறது.

ஆபீஸ் பதிவேட்டில் வரிசை எண் தாண்டிப் போனால் குமாஸ்தா என்ன நினைப்பார்? நடுவில் ஒரு தாள் காணோம் என்று நினைப்பார். மெண்டலீவும் அப்படித்தான் நினைத்தார். குணம் பொருந்தாத தனிமத்தை வலுவில் ஓர் இடத்தில் திணிக்காமல், இந்த இடத்துக்கு உரியது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று கட்டத்தை வெறுமையாக விட்டார். எடை பொருந்தாவிட்டால் எடையையே தவறு என்றார். யுரேனியத்தின் எடை 120 என்று அன்று நம்பினார்கள். இல்லை, 240 என்றார். இன்றைய கணக்கு 238.

ஏக, த்வி, த்ரி

1871-ல் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். காலியாக விட்ட மூன்று இடங்களுக்கு வரவேண்டிய தனிமங்களின் அங்க அடையாளங்களை முன்கூட்டியே எழுதி வெளியிட்டார். எடை, அடர்த்தி, நிறம், எதனுடன் எப்படிச் சேரும் என்பது வரை எழுதினார்.

பிறக்காத பிள்ளைக்குப் பெயரும் வைத்தார். அந்தப் பெயரில் இந்தியர்களுக்கு ஒரு பங்கு உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு சமஸ்கிருதச் சொற்களான ஏக, த்வி, த்ரி என்பவற்றை அவர் எடுத்துக்கொண்டார். அலுமினியத்துக்கு அடுத்த இடத்தில் வரவேண்டியது ஏக அலுமினியம். போரானுக்கு அடுத்தது ஏக போரான். சிலிக்கனுக்கு அடுத்தது ஏக சிலிக்கன்.

ஐரோப்பிய அறிஞர்கள் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் பார்க்காத பொருளுக்கு அடர்த்தி சொல்வது ஜோசியமா, விஞ்ஞானமா என்று தோன்றியிருக்கும்.

நான்கே ஆண்டுகள்தான் சென்றன. 1875-ல் பிரான்சில் லெகோக் டி புவாபோத்ரான் என்பவர் துத்தநாகத் தாதுவில் ஒரு புதிய தனிமத்தைக் கண்டார். காலியம் என்று பெயரிட்டார். குணமெல்லாம் ஏக அலுமினியத்தின் குணம். ஆனால் ஒன்று இடித்தது. அடர்த்தி 4.7 என்று அவர் அளந்திருந்தார். மெண்டலீவ் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தபடியே எழுதினார்: அடர்த்தி 5.9 அளவில் இருக்க வேண்டும், பொருளைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள் என்று. பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு, அதைக் கண்ணாலும் பாராதவர் புத்தி சொல்வதா என்று பிரெஞ்சுக்காரருக்கு முதலில் பிடிக்கவில்லை. ஆனாலும் நேர்மையானவர். சுத்தம் செய்து அளந்தார். 5.9 வந்தது.

1879-ல் சுவீடனின் நில்சன் ஸ்காண்டியத்தைக் கண்டார். அது ஏக போரான். 1886-ல் ஜெர்மனியில் கிளமன்ஸ் விங்க்ளர் ஒரு வெள்ளித் தாதுவைப் பகுத்துப் பார்த்தபோது 100-க்கு 7 பங்கு கணக்கில் உதைத்தது. எத்தனை முறை செய்தாலும் அதே 7 குறைந்தது. விடாமல் தேடியதில் ஜெர்மானியம் கிடைத்தது. அதுதான் ஏக சிலிக்கன். எடை 72 என்று மெண்டலீவ் எழுதியிருந்தார். விங்க்ளருக்குக் கிடைத்தது 72-க்குச் சற்று மேல்.

இந்த ஜெர்மானியத்தை வைத்துத்தான் 1947-ல் அமெரிக்காவில் முதல் டிரான்சிஸ்டர் செய்தார்கள். காலியம் சேர்ந்த பொருளால்தான் இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்கு எரிகிறது.

மனு கொண்டு போனவர்

புகழ் வந்த பிறகும் உள்ளூரில் அவருக்குத் தொல்லைதான். 1880-ல் ரஷ்ய விஞ்ஞானக் கழகத் தேர்தலில் அவரைத் தோற்கடித்தார்கள். 1890-ல் மாணவர்கள் கிளர்ச்சி செய்தபோது, அவர்களுடைய மனுவைத் தாமே வாங்கிக் கொண்டுபோய் கல்வி மந்திரியிடம் கொடுத்தார். அரசு ஊழியர் இதில் தலையிடக் கூடாது என்று மனு திரும்பி வந்தது. மெண்டலீவ் பேராசிரியர் வேலையை ராஜினாமா செய்தார்.

பிறகு எடை அளவைத் துறையின் தலைமைப் பொறுப்பை 1893-ல் அவருக்குக் கொடுத்தார்கள். மெட்ரிக் அளவை ரஷ்யாவில் நுழைய அவர் பாடுபட்டார். 1899-ல் வந்த சட்டம், விரும்புகிறவர்கள் அதைப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது.

ஆள் பார்க்கத் துறவி போல இருப்பார். நீண்ட முடி, தாடி. ஆண்டுக்கு ஒரு தடவைதான் முடி வெட்டிக்கொள்வாராம். 1887-ல் சூரிய கிரகணத்தைப் பார்க்க பலூனில் ஏறப் போனார். மழையில் நனைந்த பலூன் இரண்டு பேரைத் தூக்கவில்லை. ஓட்டுநரை இறக்கிவிட்டு, பலூன் ஓட்டிப் பழக்கமே இல்லாத 53 வயது பேராசிரியர் தனியாக மேலே போய் நலமாகத் திரும்பினார்.

அதே ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு பெரிய ஆராய்ச்சி நூலைத் தாயாரின் நினைவுக்குக் காணிக்கை ஆக்கினார். சொல்லை நம்பாதே, உழைப்பை நம்பு என்ற பொருளில் அம்மையார் சாகும் தறுவாயில் சொன்னதை அதில் குறிப்பிட்டார். தாய் இறந்து அப்போது 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் தவறே செய்யாதவர் அல்ல. ஆர்கான் வாயு கண்டுபிடிக்கப்பட்டபோது, அதற்கு அட்டவணையில் இடம் இல்லையே என்று சந்தேகப்பட்டார். பிறகு அந்த வகை வாயுக்களுக்குத் தனி வரிசையே சேர்க்க வேண்டி வந்தது. அணுவுக்குள்ளும் சிறு துகள்கள் உண்டு என்ற புதிய கருத்து அவருக்குக் கடைசி வரை ஒத்துவரவில்லை. டெலூரியத்தைக் குணத்தைப் பார்த்து அயோடினுக்கு முன்னால் வைத்தார். எடை இடித்ததால் எடை தவறு என்றார். எடை சரியாகத்தான் இருந்தது. வரிசையைத் தீர்மானிப்பது எடை அல்ல, அணுக்கருவின் மின்னூட்டம் என்பதை இங்கிலாந்தின் ஹென்றி மோஸ்லி 1913-ல் காட்டினார். காரணம் தவறு, வைத்த இடம் சரி!

1906-ல் ரசாயன நோபல் பரிசுக்கு மெண்டலீவின் பெயரைக் குழு சிபாரிசு செய்தது. சுவீடிஷ் விஞ்ஞானக் கழகம் அதை ஏற்காமல் பிரான்சின் மொய்சானுக்குக் கொடுத்தது. அடுத்த வாய்ப்புக்கு நேரம் இல்லை. 1907 பிப்ரவரி 2-ந் தேதி மெண்டலீவ் காலமானார். அதே மாதம் 20-ந் தேதி மொய்சானும் இறந்தார்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வோல்கோவோ இடுகாட்டில், தாயாரின் சமாதிக்கு அருகில் மெண்டலீவை அடக்கம் செய்தார்கள்.

63-ல் தொடங்கிய அட்டவணையில் இப்போது 118 தனிமங்கள் இருக்கின்றன. 1955-ல், அமெரிக்காவும் ரஷ்யாவும் ஜென்மப் பகையாக இருந்த நேரத்தில், அமெரிக்காவின் பெர்க்லியில் 101-வது தனிமத்தை உண்டாக்கிய விஞ்ஞானிகள் அதற்கு ரஷ்யரின் பெயரை வைத்தார்கள். மெண்டலீவியம் என்று பெயர். அந்தச் சோதனையில் அவர்களுக்குக் கிடைத்தவை வெறும் 17 அணுக்கள்.