வாங்குவோர் கணக்கு

படுவான்கரையிற் குப்பையெரு இட்டு விளைவித்த கத்தரியும் பாகலும் மட்டக்களப்பு வாவி கடந்து எழுவான்கரைக்கு வருதல் காணுந்தோறும் ஜே. சி. குமரப்பாவை நினைக்கின்றேன்.

1892இல் தஞ்சையிற் பிறந்த அவர், இலண்டனிற் கணக்கியல் கற்றுப் பம்பாயிற் பொருளீட்டியவர். 1929இல் காந்தியடிகளைக் கண்டபின் கிராமத்துக்கே உரியவரானார். 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் பொறுப்பை ஏற்றார்.

செயற்கை உரத்தை அவர் ஐயுற்றார், தொழுவுரத்தைப் போற்றினார். ஆயினும் அவர் பெருமை எருவில் இல்லை என்பேன். மலிந்த விலைக்குப் பின்னால் விளைவித்தவன் படும் துன்பத்தில் வாங்குபவனுக்கும் பங்குண்டு என்று கணக்குக் காட்டினாரே, அதில் இருக்கிறது. 1960 ஜனவரி 30இல் மதுரையில் மறைந்தார்.

2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்தபோது விளைச்சல் குன்றி நொந்தவன் உழவன். அவன் நட்டத்தைப் பங்கிடுமாறு வாங்குபவனை அவ்வாணை கேட்கவில்லை.