நூலகத் தந்தையும் பூட்டிய பீரோவும்

(மூன்றாம் ஆண்டு, கணிதவியல்)

நம் கல்லூரி நூலகத்தில் நூல் வழங்கும் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. மூக்குக் கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவரின் படம். அதன் கீழே டாக்டர் எஸ். ஆர். அரங்கநாதன் என்று எழுதியிருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12ஆம் நாள் அப்படத்துக்கு மாலை அணிவிக்கிறோம். மற்ற நாள்களில் அட்டையை நீட்டி நூலை வாங்கிக்கொண்டு, படத்தை ஏறிட்டும் பாராமல் திரும்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அவரும் கணிதம் பயின்றவர், அரசுக் கல்லூரிகளில் கணிதம் போதித்தவர் என்று அறிந்த பிறகே அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கும்போதெல்லாம் என் பள்ளி நாளில் கண்ட ஒரு பூட்டு நினைவில் வந்து நின்றது. ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பயின்ற நடுநிலைப் பள்ளியில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் நின்ற ஓர் இரும்பு பீரோ. அதற்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே ஏறக்குறைய நானூறு நூல்கள். இரண்டாம் தட்டில் நீல அட்டை போட்ட கணிதப் புதிர் நூல் ஒன்று இருந்தது. ஏழாம் வகுப்பில் அதை மூன்று முறை கேட்டேன். பொறுப்பாசிரியர் நல்லவர், சினந்து ஒரு சொல் சொல்லமாட்டார். தேர்வு முடியட்டும் என்பார். தேர்வு முடிந்தால், விடுமுறை கழியட்டும் என்பார். எட்டாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குச் செல்லும்வரை அந்நூலின் முதுகை மட்டுமே நான் படித்திருந்தேன்.

அரங்கநாதன் அவர்கள் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சீர்காழியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். 1913இல் இளங்கலைப் பட்டமும் 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்கே அவருக்குக் கணிதம் கற்பித்த பேராசிரியர் எட்வர்டு ராஸ் அவர்களை வாழ்நாள் முழுவதும் குருவாகவே போற்றினார். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1917இல் மங்களூர் அரசுக் கல்லூரியில் பணியேற்றார். அடுத்துக் கோவை அரசுக் கல்லூரியிலும், பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்பித்தார். இளமை முதலே அவருக்குத் திக்குவாய். பேச்சையே தொழிலாகக் கொண்ட ஆசிரியப் பணியில் இருந்தபடி, அக்குறையை மெல்ல மெல்ல வென்றார் என்பது எனக்குப் பெரு வியப்பைத் தந்த செய்தி.

1924ஆம் ஆண்டு சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அவர் பொறுப்பேற்றார். விரும்பிச் சென்ற வேலை என்று எண்ணிவிடாதீர்கள். நேர்முகத் தேர்வுக்குச் சில நாள் முன்னர் கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரையே நூலகத் துறைபற்றி அவர் பெற்றிருந்த அறிவு முழுவதும். வகுப்பறையின் கலகலப்பில் இருந்தவரை ஆளரவமற்ற அறையில் உட்கார்த்தி வைத்தால் என்னாகும்? சில வாரங்களிலேயே சலித்துப்போய், பழைய ஆசிரியப் பணியையே திரும்பத் தருமாறு கேட்டார். முதலில் இலண்டனுக்குச் சென்று நூலகப் பயிற்சி பெற்று வரட்டும், வந்த பின்னும் பிடிக்கவில்லையானால் கணித வேலை காத்திருக்கும் என்று அவருக்கு வழி சொல்லப்பட்டது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகக் கல்வி பயின்றார். குராய்டன் நகர நூலகரும் வகைப்படுத்தும் கலையில் வல்லவருமான பெர்விக் சேயர்சு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே தொழிலாளரும் பெண்டிரும் சிறுவரும் நூலகத்துள் தங்கள் வீட்டில் நடமாடுவதுபோல் நடமாடினர். தட்டிலிருந்து தாமே நூலை எடுத்துப் புரட்டினர். வேண்டியதை வீட்டுக்குக் கொண்டு சென்றனர். 1925இல் அவர் சென்னைக்குத் திரும்பியபோது கணித வேலையின் நினைப்பே அவரிடம் இல்லை. அடுத்த இருபது ஆண்டுகள் விடுமுறை என்பதை அறியாமல் அந்நூலகத்தில் உழைத்தார். வாசகரே அடுக்குகளிடையே சென்று நூல் எடுக்கும் திறந்த முறையைக் கொண்டுவந்தார். 1936இல் மெரீனாக் கடற்கரையோரம் நூலகத்துக்கென்றே ஒரு கட்டடம் எழுந்தது.

இவ்வளவையும் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் காணலாம். என் மனத்தைத் தொட்டது 1928ஆம் ஆண்டு. கணிதம் பயின்ற அவர் உள்ளம், நூலகங்களில் கண்ட நூறு நூறு நடைமுறைகளையும் ஒரு சில அடிப்படை விதிகளில் அடக்கிவிட முடியாதா என்று தவித்துக்கொண்டிருந்தது. யூக்ளிடு சில அடிப்படைகளை வைத்துக்கொண்டு வடிவ கணிதம் முழுவதையும் எழுப்பியதை நாம் படித்திருக்கிறோம் அல்லவா? அதுபோன்ற ஆசை இது. ஒருநாள் பழைய ஆசிரியர் ராஸ் அவர்களிடம் இத்தவிப்பைச் சொல்ல, அவர் போகிற போக்கில் முதல் விதியை எடுத்துக் கொடுத்தாராம். எஞ்சியவை அதிலிருந்து கிளைத்தன. அந்த ஆண்டிலேயே அவர் துணைவியார் ருக்மிணி அம்மையார் திருவல்லிக்கேணியில் விபத்தொன்றில் மறைந்தார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சென்னை நூலகச் சங்கம் தோன்றியதும் அதே ஆண்டுதான். 1931இல் ஐந்து விதிகளும் நூலாக வெளிவந்தன.

அந்த விதிகளைக் கேட்டால் இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்றே முதலில் தோன்றும். நூல் இருப்பது பயன்படுவதற்கு, காக்கப்படுவதற்கன்று என்பது முதல் விதியின் பொருள். ஆள் எவராயினும் அவருக்குரிய நூலும், நூல் எதுவாயினும் அதற்குரிய ஆளும் கிடைக்கச் செய்யவேண்டும் என்பன அடுத்த இரண்டு. வாசகரின் காலம் வீணாகக்கூடாது என்பது நான்காவது. நூலகம் உயிருள்ளதுபோல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது ஐந்தாவது. முதல் விதியை விளக்க வந்தவர், ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களை இரும்புச் சங்கிலியால் தட்டோடு பிணைத்து வைத்திருந்ததை நினைவூட்டுகிறார். இங்கிலாந்தில் எரிபோர்டு தேவாலயத்தில் அத்தகைய நூலகத்தை இன்றும் காணலாம். அங்கே சங்கிலி, எங்கள் பள்ளியில் பூட்டு. ஆயினும் சங்கிலியிட்ட நூலை நின்றபடியேனும் படிக்கலாம். பூட்டிய பீரோவில் அதற்கும் வழியில்லை.

நூல் வழங்கும் முறைகளை அவர் நான்காம் விதியோடு சேர்த்துப் பேசுகிறார். கணித மாணவர்கள் இதைச் சற்று ஊன்றிக் கவனிக்கலாம். நோட்டுப் புத்தகத்தில் ஒருவர்பின் ஒருவராகப் பெயர் எழுதிக் கொடுப்பது பழைய வழக்கம். ஒரு நூல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் எல்லாப் பக்கங்களையும் புரட்ட வேண்டும். யார் யார் கெடு தவறினார்கள் என்று கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து புரட்ட வேண்டும். அமெரிக்க நூலகரான நைனா பிரவுன் அம்மையார் 1895இல் வகுத்த முறையில் இத்தொல்லை இல்லை. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை உண்டு; அது நூலின் உள்ளே ஒட்டிய பையில் இருக்கும். ஒவ்வொரு வாசகருக்கும் எத்தனை நூல் எடுக்கலாமோ அத்தனை சிறு உறைகள் கொடுத்திருப்பார்கள். நூல் வழங்கும்போது அதன் அட்டையை வாசகரின் உறைக்குள் செருகி, திருப்பவேண்டிய தேதிக்குரிய இடத்தில் ஒரு நீளத் தட்டில் நிறுத்திவிடுவார்கள். நூல் திரும்பி வந்தால் அட்டை நூலுக்கும் உறை வாசகருக்கும் போய்ச் சேரும். எழுதுகோலே வேண்டாம். கெடு கடந்தவை தட்டின் முன்பகுதியில் தாமாகவே நிற்கும். ஒரு உறைக்கு ஒரு நூல்தான் என்பதால், மூன்று உறை உள்ளவர் நான்காம் நூலை எடுக்கவே முடியாது. நம்மில் மூத்த பேராசிரியர்கள் பலரும் மாணவப் பருவத்தில் இந்த உறைகளோடு வரிசையில் நின்றவர்களாகவே இருப்பர்.

இரண்டாம் விதியோ அவரை ஊர் ஊராக அலைய வைத்தது. ஆண், பெண், நகரத்தார், சிற்றூரார், பெரியவர், சிறுவர் என எவரையும் அவர் விடவில்லை. 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை அவர்கள் ஒரு மாட்டு வண்டியில் நூல்களை அடுக்கிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். நூலகச் சங்கம் மூட்டிய ஆர்வத்தின் விளைவு அது. 1929இலேயே நூலகர்களுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியாயிற்று. 1933இல் கோலன் பகுப்பு முறை வந்தது. இலண்டனில் ஒரு கடையில் துண்டு துண்டான உலோகப் பட்டைகளைப் பூட்டி விதவிதமான பொம்மைகள் செய்ததைப் பார்த்தபோது அவருக்கு உதித்த எண்ணமாம் அது. அதைப்பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். 1942இல் பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். 1948இல் அவர் முயற்சியாலும் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் அவர்களின் ஆதரவாலும் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் இதுவே முதலாவது. சொத்து வரியோடு நாம் செலுத்தும் நூலக வரி அச்சட்டத்தின் வழியே வந்தது.

இனி அந்தப் பூட்டுக்கு வருகிறேன். சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஏழு நாள் எங்கள் ஊரில் நடந்தது. நான் கேட்டுக்கொண்டதால் ஐவருக்குப் பள்ளி நூலகப் பணி தரப்பட்டது. அதே ஆசிரியர், அதே பீரோ. நாங்கள் அட்டைகளும் உறைகளும் வெட்டிக்கொண்டு போனோம். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பின்னர், பல ஆண்டுகளுக்கு முன் நடந்த இருப்புச் சரிபார்ப்பில் பதினொரு நூல்கள் குறைந்ததையும், அதற்கான தொகையைத் தம் சம்பளத்திலிருந்து கட்டியதையும் தணிந்த குரலில் சொன்னார். ஏழாம் வகுப்பில் என்னைத் திருப்பி அனுப்பியது அவருடைய கருமித்தனம் அன்று, அந்தப் பதினொரு நூல்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொலைந்தால் யார் பொறுப்பு என்று அவர் கேட்டார். எங்கள் ஐவரிடமும் உடனே சொல்லும்படி விடை இல்லை.

அன்றிரவு அரங்கநாதன் அவர்களின் கருத்துகளை மீண்டும் எடுத்துப் படித்தேன். நூலைப் பலரும் கையாண்டால் சில தொலையத்தான் செய்யும் என்பதை அவர் மறைக்கவில்லை. நூலகரைக் காவற்காரராக்கி அந்தச் சிலவற்றைக் காப்பாற்றினால் எஞ்சிய அத்தனை நூல்களும் பயனற்றுப் போகுமே, அது இழப்பில்லையா என்பது அவர் வாதம். இக்கருத்து இப்போது அரசு விதியிலேயே இடம்பெற்றிருக்கிறது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி, ஓர் ஆண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் இழப்பு நியாயமானதே என்கிறது. நேர்மைக் கேடோ கவனக் குறைவோ காரணமாக இருத்தல் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி. எங்கள் ஊர்ப் பள்ளியைக் கட்டுப்படுத்தாது என்பதை அறிவேன். எனினும் மறுநாள் காலையில் அதை எழுதிக்கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். தலைமையாசிரியரிடமும் காட்டினார். மதியத்துக்குள் இருவரும் கலந்து பேசி, தொலையும் நூலை ஆண்டிறுதியில் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைப்பது, ஆசிரியரிடம் வசூலிப்பதில்லை என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டனர். நாங்கள் வகுத்த மற்ற விதிகளெல்லாம் சிறியவை: ஒரு மாணவருக்கு ஓர் உறை; பத்து நாள் கெடு; தாமதத்துக்குக் காசு இல்லை, நூல் வரும்வரை அடுத்த நூல் இல்லை, அவ்வளவுதான்.

அரங்கநாதன் அவர்களின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும், 1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வாழ்நாளில் சேர்த்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஈந்து, துணைவியார் சாரதா பெயரால் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தச் செய்தார். 1962இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவினார். 1965இல் தேசிய ஆய்வுப் பேராசிரியரானார். 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் காலமானார்.

எங்கள் முகாமின் ஏழு நாளில் அறுபத்து மூன்று நூல்கள் வெளியே சென்றன. கெடு முடிந்தபின் ஆசிரியரிடம் தொலைபேசியில் கேட்டேன். அறுபத்திரண்டு வந்துவிட்டனவாம். வராதது அந்த நீல அட்டைக் கணிதப் புதிர் நூல். அதை எடுத்த ஆறாம் வகுப்புப் பையனின் குடும்பம் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போய்விட்டது. பையனும் கூடவே போயிருக்கிறான். உறையும் அட்டையும் தட்டின் முன்பகுதியில் அப்படியே நிற்கின்றன, பீரோவைப் பூட்டவில்லை என்று சொன்னார். சூளை வேலை ஆனியில் முடியுமாம்.