வதந்திக்குப் பலியான சுவீடன் வீரர்



ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள குளிர்நாடு சுவீடன். அதன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 1755-ஆம் ஆண்டு ஆக்ஸல் வான் பெர்சன் பிறந்தார். தகப்பனார் பெரிய தளபதி, அரசியலிலும் செல்வாக்குள்ளவர். வீட்டில் காசு பணத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனாலும் பிள்ளையைச் சும்மா உட்கார வைக்கவில்லை. பதினைந்து வயதிலேயே ஓர் ஆசிரியரோடு பல நாடுகளுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள்.

அமெரிக்க மக்கள் பிரிட்டனை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திய காலம் அது. அவர்களுக்கு உதவப் போன பிரெஞ்சுப் படையோடு 1780-இல் பெர்சனும் கப்பலேறினார். பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவுக்குத் துணை அதிகாரியாக இருந்தார். பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்தவர் என்பதால், வாஷிங்டனோடு பேச வேண்டிய சமயத்தில் மொழிபெயர்த்து உதவினார். 1781-இல் யார்க்டவுன் வெற்றியையும் நேரில் கண்டார். படித்த மொழி எப்படிக் கைகொடுத்தது பார்த்தீர்களா?

பிரான்சு நாட்டு அரசி மரீ அந்துவானெத் அவருடைய நெருங்கிய தோழி. 1789-இல் அங்கே புரட்சி வெடித்தது. அரச குடும்பம் பாரிசில் காவலில் இருந்தது. 1791 ஜூன் 20-ஆம் நாள் இரவு, பெர்சன் வண்டிக்காரர் வேடம் போட்டு, அவர்களைத் தாமே வண்டியில் ஏற்றி நகரைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டார். வழியில் அரசர் சொல்படி பிரிந்து போனார். மறுநாள் இரவு வரேன் என்ற ஊரில் அவர்கள் பிடிபட்டார்கள். 1793-இல் அரசரும் அரசியும் கொல்லப்பட்டனர். அந்த ஜூன் 20 அவர் மனதை விட்டு நீங்கவே இல்லை.

பிறகு சுவீடனின் தூதராகப் பணி செய்தார். 1801-இல் அரண்மனையின் மிக உயர்ந்த பதவியும் கிடைத்தது. 1809-இல் சுவீடன் மன்னரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவருடைய மகனே பட்டத்துக்கு வர வேண்டும் என்ற கட்சியில் பெர்சன் இருந்தார். ஆனால் வேறொருவரைப் பட்டத்து இளவரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1810 மே மாதம் அந்த இளவரசர் குதிரையிலிருந்து சரிந்து விழுந்து இறந்துபோனார். பெர்சனும் அவர் தங்கையும் விஷம் வைத்துவிட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வாய்க்கு வாய் பேச்சு வளர்ந்தது.

1810 ஜூன் 20. அதே தேதி! இளவரசரின் சவ ஊர்வலத்தில் முன்னே போன பெர்சனின் வண்டி மீது கல் விழுந்தது. ஒரு வீட்டுக்குள் ஓடிப் புகுந்தார், அங்கேயும் விடவில்லை. வெளியே இழுத்து அடித்தே கொன்றார்கள். பக்கத்தில் நின்ற படைவீரர்கள் தடுக்கவில்லை.

அவர் குறையே இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. ஏழை மக்களோடு ஒட்டிப் பழகாதவர்; எப்போதும் ராஜாக்கள் பக்கமே நின்றவர். ஆனால் அவர் விஷம் வைக்கவில்லை. இளவரசர் இறந்தது ஸ்ட்ரோக் என்னும் நோயால்தான். விசாரணையில் பெர்சன் குற்றமற்றவர் என்று தெளிந்து, அதே ஆண்டு அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். மரியாதை கிடைத்தது, போன உயிர் திரும்பியதா?

மாணவர்களே! கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஒருவரைப் பற்றி ஒரு பேச்சு காதில் விழுந்தால், அடுத்தவரிடம் சொல்லுமுன் அது உண்மையா என்று கேளுங்கள். கல்லெறிந்தவர்கள் மட்டும் அவரைக் கொல்லவில்லை. விசாரிக்காமல் பேசியவர்களும், பார்த்துக்கொண்டு நின்றவர்களும் சேர்ந்துதான் கொன்றார்கள்.