அண்ணலுக்குக் கிடைத்த பரிசு நூல்

கதைப் புத்தகம் படித்துக் கெட்டான் என்று பிள்ளைகளைக் கடியும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. கதையினும் சுவைமிக்க ஒரு வரலாற்று நூல் அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைத் திருப்பிய செய்தியை இளைஞர்கள் அறிதல் நன்று.

பம்பாயில் ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த பரேலில், ஒற்றை அறை வீடு. பின்னிரவு இரண்டு மணிக்குத் தந்தையார் ராம்ஜி எழுப்பிவிட, மகன் படிப்பார். மாலையில் பூங்காவில் படிப்பார். அங்கு அவரைக் கண்ணுற்றவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர். அவர் நம்மவர் அல்லர். எனினும், மாணவர் தேர்வில் தேறியமைக்குச் சமூகத்தார் எடுத்த பாராட்டு விழாவுக்கு வந்து, தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். (விருத்தாசலத்தில் பரிசென்றால் பீங்கான் கோப்பையும் எவர்சில்வர் பாத்திரமுமே நினைவுக்கு வருகின்றன!)

தந்தையார் இதிகாசங்களை நாள்தோறும் படிக்கச் செய்தவர். எளிய பிறப்பினரும் உயர்ந்ததை அவை காட்டும் என்பது அவர் கருத்து. மகனின் உள்ளம் அதற்கு ஒப்பவில்லை. பரிசு நூலைப் படித்து முடித்ததும், புத்தரை எங்களுக்கு ஏன் காட்டவில்லை என்று தந்தையாரிடமே வினவினார்.

1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியதும் அவ்வாண்டே. பரோடா மன்னரிடம் அவரை அழைத்துச் சென்று, மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழிசெய்தவரும் கேளுஸ்கரே.

பின்னாளில் தாதரில் கட்டிய இல்லத்திற்கு ராஜகிருகம் என்றும், 1946இல் நிறுவிய கல்லூரிக்குச் சித்தார்த்தர் என்றும் அண்ணல் பெயரிட்டார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். புத்தரைப் பற்றித் தாமும் ஒரு நூல் எழுதினார். அது அச்சேறி வெளிவந்தது 1957இல். அதைக் காண அவர் இல்லை.