கல்யாணப் பத்திரிகை முதல் நாடக நோட்டீஸ் வரை: ஒரு லட்சம் அச்சுப் பொருள்களைக் காப்பாற்றிய ரோஜா முத்தையா யார்?

ஒரு கல்யாணப் பத்திரிகை உங்கள் வீட்டில் எத்தனை நாள் இருக்கும்? மிஞ்சிப்போனால் முகூர்த்தம் முடியும்வரை. தெருவில் கொடுக்கும் நோட்டீஸ்? வாங்கிய கையோடு கசக்கிப் போட்டுவிடுவோம். அப்படிப்பட்ட தாள்களையும் விடாமல் சேர்த்தவர்தான் ரோஜா முத்தையா. சென்னை தரமணியில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. தினமும் ஆபீஸ் போகும் வழியில் நீங்களே அந்தப் பக்கம் கடந்து போயிருக்கலாம்.

யார் இவர்?

செட்டிநாட்டுக்காரர். காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டையூர்தான் சொந்த ஊர். 1940-களில் சென்னைக்கு வந்தார். பேராசிரியர் இல்லை, ஜமீன்தாரும் இல்லை. கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதும் ஓவியராக வேலை பார்த்தார்.

அப்போது சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகம் வேண்டுமென்றால் சென்னையில் எல்லோரும் போகிற இடம் அதுதான். முத்தையாவும் போனார். 1950 வாக்கில் தொடங்கிய சேகரிப்பு, கடைசிவரை நிற்கவில்லை. அந்த மார்க்கெட் 1985-ல் தீயில் எரிந்துபோனது. அங்கே அவர் பொறுக்கி எடுத்த புத்தகங்களோ கோட்டையூர் வீட்டில் பத்திரமாக இருந்தன.

என்னவெல்லாம் சேர்த்தார்?

புத்தகம், வார இதழ், செய்தித்தாள் என்பதெல்லாம் நமக்குப் புரியும். கூடவே நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், கடிதம் என்று மற்றவர்கள் தூக்கிப் போடுவதையும் சேர்த்தார். மொத்தம் சுமார் ஒரு லட்சம். விஷயம் தெரிந்த ஆய்வாளர்கள் கோட்டையூரைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள்.

ஒரு நோட்டீஸுக்கு இவ்வளவு மரியாதை ஏன்?

புத்தகங்களைப் பதிவு செய்ய 1867-லேயே சட்டம் வந்துவிட்டது. அச்சகம் அரசுக்குப் பிரதி கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் எங்காவது ஒரு பிரதி மிஞ்ச வாய்ப்பு உண்டு. நாடக நோட்டீஸுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. யாராவது எடுத்து வைத்தால்தான் உண்டு.

ஆனால் அந்த ஒற்றைத் தாளில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். எந்த ஊர்க் கொட்டகை, யார் நடித்தார்கள், நாற்காலிக்கு என்ன விலை, தரைக்கு என்ன விலை, பெண்களுக்குத் தனி இடம் உண்டா... அன்றைய சமூகம் எப்படி உட்கார்ந்து நாடகம் பார்த்தது என்பதே அதில் இருக்கும். இலக்கிய வரலாற்று நூல்களில் இதைத் தேடினால் கிடைக்காது.

ஏலத்தில் விற்றிருந்தால்?

வெளிநாடுகளில் இந்தத் தாள்களுக்குப் பெரிய சந்தையே இருக்கிறது. அயர்லாந்தில் 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது அச்சான சுதந்திரப் பிரகடனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அச்சு எழுத்துகள் போதாமல், மேல் பாதியைத் தனியாகவும் கீழ் பாதியைத் தனியாகவும் அடித்த சுவரொட்டி அது. தப்பிப் பிழைத்தவை கொஞ்சம்தான். ஒரு பிரதி ஏலத்துக்கு வந்தால் லட்சக்கணக்கான யூரோவுக்குப் போகிறது.

ஏலத்தில் விலை கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஏலம் எதையும் பிரித்துத்தான் விற்கும். அரிய தாள் ஒருவருக்கு, அழகான அட்டை இன்னொருவருக்கு. யாருக்கும் வேண்டாத மிச்சம் எடைக்குப் போகும். முத்தையாவின் சேகரிப்புக்கு மதிப்பே அது ஒன்றாக இருப்பதில்தான். ஒரு நோட்டீஸ் வெறும் ஞாபகப் பொருள். பல வருஷத்து நோட்டீஸ்கள் வரிசையாக இருந்தால் அது வரலாறு.

1992-ல் அவர் இறந்தபோது இந்தக் கேள்விதான் எழுந்தது: இதையெல்லாம் இனி என்ன செய்வது? சிகாகோ பல்கலைக்கழகம் சேகரிப்பை மொத்தமாக வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம் என்றுதானே தோன்றும்? போகவில்லை. 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்கினார்கள். தொடக்கத்தில் மொழி அறக்கட்டளை அதை நடத்தியது. தாள்கள் இங்கேயே இருந்தன. அவற்றை நுண்படம் எடுத்தார்கள். அசல் இங்கே, பிரதி எங்கேயும். ஒரு தனி மனிதரின் பொழுதுபோக்கு அப்படித்தான் பொதுச் சொத்தானது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

ஊரில் தாத்தா வீட்டைக் காலி செய்யும்போது டிரங்குப் பெட்டியைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். கடைக் கணக்கு, கோயில் திருவிழா நோட்டீஸ், மலேயா, பர்மாவிலிருந்து வந்த கடிதம் எதுவும் இருக்கலாம். லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள்; இரண்டுமே தாளைக் கெடுக்கும். யாருடையது, எந்த ஊர் என்பதைத் தனித் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். பிரிக்காமல் மொத்தமாகப் படம் எடுத்து ஒரு நூலகத்திடம் கேளுங்கள்.

விற்பது உங்கள் விருப்பம். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: வரலாற்று மதிப்புள்ள, 75 ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை.

பெரிய பணமோ பதவியோ இல்லாத ஒரு பெயர்ப் பலகை ஓவியரால் இவ்வளவு முடிந்தது. நம்மிடம் கேட்பது ஒரு டிரங்குப் பெட்டி அளவுப் பொறுமைதான்.